குராசோ போறீங்களா? கடலுக்கு முன்னாடி வில்லெம்ஸ்டாட் ஊரைப் பாருங்க

வணக்கம் மக்களே. பின்னாடி மஞ்சள், நீலம், சிவப்புன்னு தோளோட தோள் ஒட்டி நிக்கிற கட்டடங்க தெரியுதா? இதுதான் குராசோ தீவோட தலைநகர் வில்லெம்ஸ்டாட். தெக்கால சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி வெனிசுவேலா. கரீபியன்னதும் எல்லாரும் நேரா கடற்கரைக்கு ஓடிடுறாங்க. ஒரு வாரம் இருக்கீங்கன்னா முதல் ரெண்டு நாளை இந்த ஊருக்கே கொடுங்க. 1997-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த ஊர் இது.

ஊரை ஒரு கடல் கால்வாய் ரெண்டா பிரிக்குது. இந்தக் கரை பூன்டா, அந்தக் கரை ஓட்ரோபாண்டா. பாப்பியமென்டு மொழியில ஓட்ரோபாண்டான்னா நம்ம ‘அக்கரை’யேதான்! ரெண்டையும் சேக்குறது 1888-ல போட்ட குயீன் எம்மா மிதவைப் பாலம். கப்பல் வந்தா முழுப் பாலமும் ஒரு முனையில இருந்து கதவு மாதிரி திறந்துடும். அப்போ கொடியைப் பாருங்க. ஆரஞ்சுக் கொடின்னா கொஞ்ச நேரத்துல மூடிடும், நின்னு வேடிக்கை பாக்கலாம். நீலக் கொடின்னா பெரிய கப்பல், நேரமாகும். பக்கத்துலயே இலவசப் படகு ஓடும், அதுல ஏறிடுங்க. பாலத்துல இப்போ நடக்க மட்டும்தான் அனுமதி. கார், 1974-ல கட்டின உயரமான யூலியானா பாலம் வழியா போகணும்.

வெள்ளைச் சுவர்ல பட்டுத் தெறிக்கிற வெயில் தலைவலி தருதுன்னு 1817-ல கவர்னர் கிக்கர்ட் வண்ணம் பூசச் சொன்னார்னு ஊர்ல சொல்லுவாங்க. சுவரை நெருங்கிப் பாத்தா அடிப்பக்கம் சாந்து பொரிஞ்சு உதிர்ந்திருக்கும். பராமரிப்பு இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க. பல பழைய சுவர்கள் பவளக் கல்லால கட்டினது. கல்லுக்குள்ள இருக்கிற உப்பு ஈரத்தோட வெளிய வந்து பூச்சைத் தள்ளிடுது. அதனால இங்க பூசுற வேலை முடியவே முடியாது.

பூன்டாவுல 1732-ல கட்டின மிக்வே இஸ்ரேல் யூத வழிபாட்டுத் தலத்தைத் தவறவிடாதீங்க. தரை முழுக்க மணல். ஸ்பெயின், போர்ச்சுகல்ல ஒளிஞ்சு வழிபட்ட முன்னோர்கள் காலடிச் சத்தம் கேக்காம இருக்க மணல் பரப்பினாங்க, அந்த நினைவுக்குன்னு ஒரு விளக்கம். சனிக்கிழமை வழிபாட்டு நாள், சுத்திப் பாக்க வேற நாள்ல வாங்க.

மதியச் சாப்பாடு பிளாசா பியூ, பழைய சந்தைக் கூடம். பெரிய பெரிய பாத்திரத்துல சமைப்பாங்க, மதியத்தோட முடிஞ்சிடும், ஒரு மணி தாண்டினா நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். கபிரிட்டு ஸ்டோபா, அதாவது ஆட்டுக்கறிக் குழம்பு, கூட ஃபுன்ச்சி. ஃபுன்ச்சின்னா மக்காச்சோளக் களி, நம்ம கைக்குப் பழக்கமானதுதான். கியாம்போ வெண்டைக்காய் சூப், நல்லா கொழகொழன்னு இருக்கும். ஆனா அதுல மீனும் உப்புக்கறியும் போடுவாங்க, சைவம்னு நம்பி வாங்கிடாதீங்க.

இந்த அழகான துறைமுகம் அடிமை வியாபாரத்துல வளர்ந்தது, அதைத் தெரிஞ்சுக்காம திரும்பக் கூடாது. ஓட்ரோபாண்டாவுல குரா ஹுலாண்டா அருங்காட்சியகம் இருக்கு. மேற்குக் கோடியில கெனெப்பா தோட்டம். 1795 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அங்கதான் துலா தலைமையில அடிமைகள் வேலைக்குப் போக மறுத்து எழுந்தாங்க. அக்டோபர் 3-ஆம் தேதி துலாவைச் சித்திரவதை செஞ்சு கொன்னாங்க. அடிமை முறை ஒழிய 1863 ஆச்சு. இன்னிக்கு அவர் தேசிய வீரர். அந்தத் தோட்ட மாளிகையைப் பாத்துட்டு, பக்கத்துலயே இருக்கிற கெனெப்பா கிராண்டி கடற்கரையில இறங்குங்க. நீலத்துல இத்தனை சாயல் உண்டான்னு தோணும்.

அங்க போக கார் வாடகைக்கு எடுக்கிறது நல்லது, பேருந்து குறைவு. மழை தூறினா மெதுவா ஓட்டுங்க. நாள்கணக்கா படிஞ்ச தூசியும் எண்ணெயும் ஈரத்துல கலந்து சாலை வழுக்கும். குளியல் எல்லாம் தெற்கு, மேற்குக் கரையோட நிறுத்திக்கோங்க. வடக்குக் கரையில காத்தும் அலையும் நேரா பாறையில அறையும், அங்க பாக்க மட்டும்தான். ஏறக்குறைய 370 மீட்டர் உயரமுள்ள கிறிஸ்டோஃபல் மலை ஏறணும்னா விடிஞ்சதும் கிளம்புங்க, வெயில் ஏறினா தாங்காது.

தீவு வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கு. அதனால ஆகஸ்ட், செப்டம்பர்லயும் பெரும்பாலும் நிம்மதியா வரலாம், ஆனா அப்போ காத்து குறைஞ்சு புழுக்கம் கூடும். மழை பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்.

குராசோ நெதர்லாந்து முடியரசுக்குள்ள இருந்தாலும், ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போற ஷெங்கன் பகுதியில இல்ல. நுழைவு விதிகளைத் தனியா பாருங்க. வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல குடிவரவு அட்டை நிரப்பணும். அது இலவசம், பணம் கேக்குற இணையதளத்துல மாட்டிக்காதீங்க. 2025 மார்ச் 31 முதல் பணம் கரீபியன் கில்டர், ஒரு டாலருக்கு 1.79. பழைய ஆன்டிலியன் கில்டர் நோட்டை மிச்சச் சில்லறையா யாராவது நீட்டினா வாங்காதீங்க, கடையில செல்லாது. மின்சாரம் 127 வோல்ட், பிளக் அமெரிக்கத் தட்டைக் கால். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். ஆனா ஊர்ல இருந்து கொண்டு வர்ற 230 வோல்ட் கெட்டில் சரியா சூடாகாது. குழாய்த் தண்ணி கடல் நீரைச் சுத்திகரிச்சது, தாராளமா குடிக்கலாம்.

கடற்கரையில ஒரு எச்சரிக்கை. மன்சனியா மரம், சின்ன பச்சை ஆப்பிள் மாதிரி காய் காய்ச்சிருக்கும். காய், பால், இலை எல்லாமே விஷம். மழை வந்தா அதுக்கு அடியில ஒதுங்காதீங்க, சொட்டுற தண்ணியே தோலைக் கொப்புளமாக்கிடும். குழந்தைங்க கூட வர்றவங்க துண்டு விரிக்கிறதுக்கு முன்னாடி தலைக்கு மேல என்ன மரம்னு ஒரு தடவை பாருங்க.