ஓர் இலை எது?

வணக்கம். காலையில் நான் வந்து இறங்கியதுமே ஒரு தம்பி கைநிறைய இலை உருவிக்கொண்டு வந்து, "ஐயா, இது என்ன மரம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தெரியாத மரத்தின் இலையை உருவாதீர்கள். குச்சியில் இருக்கும்போதே பாருங்கள். அது எந்த இடத்தில், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் பாதி அடையாளம் இருக்கிறது.

புளியங்கொழுந்து தின்னாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். புளியில் ஓர் இலை எது? நகத்தளவு இருப்பதைக் காட்டுவோம். அது சிற்றிலை. அப்படிப் பத்துப் பதினைந்து ஜோடியும் நடு ஈர்க்கும் சேர்ந்ததுதான் ஓர் இலை. ஈர்க்கு குச்சியோடு சேரும் மூலையைப் பாருங்கள், அங்கே ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு கிடையாது.

நெல்லியும் பார்வைக்கு அதே மாதிரிதான், ஈர்க்கின் இருபுறமும் பொடிப்பொடியாக. ஆனால் பூக்கிற காலத்தில் அந்த ஈர்க்கைத் திருப்பிப் பாருங்கள். பொடி இலைகளின் அடியில் பூ ஒட்டிக்கொண்டிருக்கும். சிற்றிலை அடியில் பூ வராது. அப்படியானால் நெல்லியில் பொடி ஒவ்வொன்றும் முழு இலை, ஈர்க்கு என்று நாம் நினைத்தது ஒரு சிறு கிளை! அந்தக் கிளை இலைகளோடு மொத்தமாக உதிர்வதால்தான் கண் ஏமாறுகிறது. இதை முதன்முதலில் கண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று முழுக்க வேறெந்த மரத்தையும் நான் பார்க்கவில்லை.

இலவத்தில் ஒரே காம்பின் நுனியில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் விரியும். ஏழிலைப்பாலையிலோ கணுவைச் சுற்றி நிற்கும் ஒவ்வொன்றும் தனி இலை, தனிக் காம்பு. பெயரில் ஏழு இருந்தாலும் எண்ணிக்கை கூடும், குறையும்.

அடுத்து, இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா என்று பாருங்கள். நாவல், வெப்பாலை, எட்டி எல்லாம் எதிரெதிர். வில்வத்துக்கும் மாவிலங்கத்துக்கும் மும்மூன்று சிற்றிலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வில்வத்தில் நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் ஒளிரும், கிளையில் முள்ளும் இருக்கும். மாவிலங்கத்தில் இரண்டும் இல்லை.

கசக்கி முகர்வதும் நல்ல வழிதான். ஆனால் பிச்சாவரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சேங்கொட்டை மரத்தின் சாறு தோலைக் கொப்பளிக்க வைக்கும். எனவே பால் வடிகிறதென்றால் கையை எடுத்துவிடுங்கள். பெயர் தெரியாத இலையை வாயில் வைக்கவே வைக்காதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகள்.

தம்பி கொண்டுவந்த இலைகளில், குச்சியோடு சேரும் அந்த மூலை அறுந்துபோயிருக்கிறது. மரம் குளத்துக்கரையில் நிற்கிறதாம். வெயில் தாழட்டும், வருகிறவர்கள் என்னோடு வாருங்கள்.