கேட்டு ஓடு

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர்களே, வேலை நாளாக இருந்தும் வங்கியிலிருந்து வந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சீருடையோடு வந்திருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, (சீருடையைப் பற்றி இன்று கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கும், ஐயா பொறுத்தருள வேண்டும்), காரைக்குடியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, மண்டபம் கொடுத்த குடும்பத்தாரே, காலையிலிருந்து பின்கட்டில் கவுனி அரிசி கிண்டிக்கொண்டிருக்கும் தவசிப்பிள்ளைகளே, ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, கடைசி வரிசையில் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அது மறதியே தவிர மரியாதைக் குறைவு அல்ல.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கீழ்ப்படிதல்’. ஐந்து செய்திகள் சொல்வதாகக் குறித்து வந்திருக்கிறேன். மனிதன் ஏன் தலையாட்டுகிறான், கூட்டம் அவனை எப்படி இழுக்கிறது, சீருடை என்ன செய்கிறது, தனி ஒருவன் கூட்டத்தை எப்படித் திருப்புகிறான், பிள்ளைகளுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல எப்படிப் பழக்குவது. தலைவர் கையில் மணி இருக்கிறது. பார்ப்போம்.

ஒரு பழமொழி உண்டு. ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.’ இதன் முதல் பாதியோடு எனக்குச் சண்டை. இரண்டாம் பாதியை வீட்டு நிலையில் செதுக்கி வைக்கலாம் என்பது என் கட்சி.

1961-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊர், அங்கே யேல் பல்கலைக்கழகம். ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல்காரர், வயது முப்பதுகூட ஆகவில்லை, ‘ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு ஆள் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு நாலு டாலர், வண்டிச் செலவுக்கு அரை டாலர். குமாஸ்தா, விற்பனையாளர், கூலித் தொழிலாளி என்று பல தரப்பட்டவர்கள் வருகிறார்கள். வந்தவரையும் இன்னொருவரையும் வைத்துச் சீட்டுக் குலுக்குகிறார்கள். சீட்டு எடுத்தவருக்கு ‘வாத்தியார்’ என்று வருகிறது. வராமல் எப்படி இருக்கும்? இரண்டு சீட்டிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்! அந்த இன்னொருவர் அவர்கள் ஆள். வயது 47, நல்ல சாதுவான முகம்.

சாதுவை அடுத்த அறையில் நாற்காலியோடு வாரால் கட்டுகிறார்கள். வாத்தியார் முன்னால் ஒரு பெட்டி. வரிசையாக 30 சுவிட்சு. முதல் சுவிட்சு 15 வோல்ட், அடுத்தது 30, அடுத்தது 45, இப்படிப் பதினைந்து பதினைந்தாக ஏறி 450-இல் முடிகிறது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிற சீமையில் வோல்ட் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுவிட்சுக்குக் கீழே எழுத்தும் உண்டு. ‘லேசான அதிர்ச்சி’ என்று தொடங்கி ‘ஆபத்து, கடும் அதிர்ச்சி’ வரை போகிறது. கடைசி இரண்டுக்குக் கீழே வார்த்தையே கிடையாது, வெறும் மூன்று எக்ஸ். வாத்தியார் கையில் 45 வோல்ட் வைத்துக் காட்டுகிறார்கள், ‘பார், நிஜம்தான்’ என்று. சாது தப்பாகப் பதில் சொல்லச் சொல்ல, ஒரு சுவிட்சு மேலே போக வேண்டும். உள்ளே மின்சாரமே இல்லை என்பது வாத்தியாருக்குத் தெரியாது.

300-ஐத் தொட்டதும் சுவரை உதைக்கிற சத்தம். 315-இல் மறுபடி உதை. அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இல்லை. வாத்தியாருக்கு வியர்க்கிறது. சிலருக்கு அடக்க முடியாத சிரிப்பு வருகிறது, சந்தோஷத்தில் அல்ல, நடுக்கத்தில். திரும்பிப் பார்க்கிறார். பின்னால் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஆசாமி அதட்டவில்லை, மிரட்டவில்லை. ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்கிறார். மறுத்தால், ‘ஆராய்ச்சிக்கு நீங்கள் தொடர்வது தேவை.’ மறுபடி மறுத்தால், ‘தொடர்வது மிகமிக அவசியம்.’ நாலாவதாக, ‘உங்களுக்கு வேறு வழியில்லை.’ அவ்வளவுதான் அவர் வைத்திருந்த ஆயுதம்.

நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். 300-க்கு முன்னால் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. கடைசி 450 வரை போனவர்கள் 26 பேர். இதை மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர் போவார் என்றார்கள்.

இந்தச் சோதனைமேல் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இது நாடகம் என்று வாத்தியார்களில் பலருக்கு அப்போதே சந்தேகம் தட்டியது என்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் மில்கிராம் ஒரே சோதனையோடு நிறுத்தவில்லை, சாமானை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அந்த மாற்றங்களில்தான் நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

கோட்டு போட்டவர் அறையை விட்டு வெளியேறி, தொலைபேசியில் உத்தரவு சொன்னார். கடைசிவரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். சிலர் ‘ஏற்றிவிட்டேன் சார்’ என்று போனில் சொல்லிவிட்டு அடிச் சுவிட்சையே அழுத்தினார்கள். நல்ல பொய்! அடுத்து, பக்கத்தில் இரண்டு பேரை உட்கார வைத்து அவர்களை நடுவில் எழுந்து போகச் சொன்னார். கடைசிவரை போனவர்கள் நாற்பதில் நாலு பேராக இறங்கியது. அடுத்து, இரண்டு கோட்டுக்காரர்கள், ஒருவர் ‘நிறுத்து’, மற்றவர் ‘தொடர்’. ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை.

இப்போது இந்த வளவுக்கு வருவோம். நம் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவர் முகப்பில் நிற்க வேண்டும். பட்டாலையில் உட்கார்ந்திருப்பவர் ‘யாரு, எந்த ஊரு, என்ன சோலி’ என்று கேட்க வேண்டும். பதில் சரியாக இருந்தால்தான் உள்ளே, அதுவும் இரண்டாம் கட்டுக்கு எல்லாரும் போக முடியாது. இத்தனை கேள்வியையும் தாண்டாமல் நேரே ஆச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற ஒரே ஆள் செல்போன்.

ஒரு ஆச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில், ஐயா காலமாகி நாளாயிற்று. பகல் பதினோரு மணிக்கு ஒரு பதிவுக் குரல்: ‘உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள்.’ ஒன்பது 15 வோல்ட். உங்கள் ஆதாரில் எடுத்த சிம் மும்பையில் குற்றத்துக்குப் பயன்பட்டிருக்கிறது, பெயர் சொல்லுங்கள். 30 வோல்ட். வாட்ஸ்அப்பில் வீடியோவுக்கு வாருங்கள். 45. கதவைச் சாத்துங்கள், கேமராவை அணைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், ரகசிய விசாரணை. 150-ஐத் தாண்டிவிட்டோம். எந்த வங்கியில் எவ்வளவு டெபாசிட்? சரிபார்க்க அரசுக் கணக்குக்கு மாற்றுங்கள், சுத்தம் என்றால் இரண்டு நாளில் திரும்பிவிடும். அங்கே மூன்று எக்ஸ்.

முதல் போனிலேயே ‘முப்பது லட்சம் அனுப்பு’ என்றால் எந்த ஆச்சியும் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்பதால், எந்தப் படியில் நிற்பது என்று பிடிபடாமல் போகிறது.

இந்த அயோக்கியர்கள் மில்கிராமைப் படித்தார்களோ இல்லையோ, பாடம் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. போனில் அதிகாரம் செல்லாது, எனவே வீடியோ, சீருடை, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஒரு சுவர். பக்கத்தில் ஒருவர் மறுத்தால் கதை முடிந்தது, எனவே ‘யாரிடமும் சொல்லாதே’. இன்னொன்றும் உண்டு. ஜெர்ரி பர்கர் என்பவர் அந்தச் சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தித் திரும்பச் செய்து, 2009-இல் வெளியிட்டார். ‘உங்களுக்கு வேறு வழியில்லை’ என்ற நாலாவது வாக்கியம்வரை போனவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு தொடரவில்லை. அப்பட்டமான கட்டளைக்கு மனிதன் முறைத்துக்கொள்கிறான், நல்ல காரியத்துக்கு உதவச் சொன்னால் குழைந்துவிடுகிறான். அதனால்தான் அவர்கள் ‘பணம் கொடு’ என்பதில்லை. ‘விசாரணைக்கு ஒத்துழையுங்கள், உங்களைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம்’ என்பார்கள்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆய்வாளர் ஐயா திருத்தலாம். இவர்கள் சொல்லி மிரட்டுகிற ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோவில் யாரையும் கைது செய்ய முடியாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இன்னார் கைதாகியிருக்கிறார் என்று உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வது காவல்துறையின் கடமை. கவனியுங்கள்: ‘சொந்தக்காரருக்குச் சொல்’ என்கிறது சட்டம், ‘சொல்லாதே’ என்கிறான் திருடன்.

கூட்டம் இழுப்பது பற்றி ஒரு வரி. சாலமன் ஆஷ் என்பவர் 1950-களில் கோடுகளை வைத்துச் சோதித்தார். எது சம நீளம் என்று குழந்தைக்கும் தெரியும். அறையில் மற்ற எல்லாரும் பேசிவைத்துத் தப்பாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூடச் சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஊர் ஓடினால் ஒத்து ஓடுகிறவர்கள்! ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்த மயக்கம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. ஒரு ஆள் போதும்.

அந்த ஒரு ஆளுக்கு நம் சீமையில் பழைய பெயர் உண்டு. பர்மாவில், மலேயாவில் கடை நடத்திய காலத்தில் ஏஜென்ட்டுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் யார்? அடுத்தாள். பெட்டியடியில் உட்கார்ந்தவர் தன்னிஷ்டத்துக்குத் தொகையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது, பேரேட்டில் இன்னொரு கண் விழும். ‘கேட்டு ஓடு’ என்பதை வியாபாரத்தில் அமைத்தால் அதன் பெயர் அடுத்தாள். கடல் தாண்டிய கடைக்கு வைத்திருந்த ஆளை வீட்டுக்கு வைக்காமல் விட்டுவிட்டோம்.

அதற்காகத்தான் அடுத்தாள் சீட்டு. அஞ்சலட்டை அளவு, கெட்டி அட்டை, கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்து. மேலே உங்கள் அடுத்தாளாக இரண்டு பேரின் பெயர், இரண்டு எண். நடுவில் 1930, சைபர் குற்றத்துக்கான உதவி எண். கீழே ஒரே வாக்கியம்: ‘என் அடுத்தாளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.’ அதைச் சொல்லிவிட்டு போனை வைக்க வேண்டும். வாதம் செய்யக் கூடாது, அவனுக்கு வாதம்தான் தொழில்.

எங்கே பிசகும் என்றும் சொல்கிறேன். இரண்டு எண்ணும் வெளிநாட்டு மகன் எண்ணாக இருந்தால் பயனில்லை, இங்கே பகல் பதினொன்று என்றால் அமெரிக்காவில் ராத்திரி. ஒருவராவது கூப்பிட்ட குரலுக்கு வருகிற தூரத்தில் இருக்க வேண்டும். சீட்டைப் போனுக்குள் படமாக வைக்கக் கூடாது, அந்த நேரத்தில் போன் அவன் கையில். சார்ஜர் மாட்டுகிற சுவரில் ஒட்டுங்கள். சாமி அறையில் ஒட்டினால் பத்திரமாக இருக்கும், பயன்படாது. மாதம் ஒருமுறை பேரனை விட்டுப் பொய்ப் போன் போட்டு ஒத்திகை பாருங்கள். அந்த வாக்கியம் வாயில் பழகாவிட்டால் பதற்றத்தில் வராது.

மேலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வயதானவர் டெபாசிட்டை அவசரமாக உடைக்க வந்தால் கவுண்டரில் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். யாருக்கு அனுப்புகிறீர்கள், நேரில் பார்த்திருக்கிறீர்களா, இப்போது போனில் யாராவது காத்திருக்கிறார்களா? மூன்றாவதை எழுதிக் காட்டிக் கேளுங்கள், போன் சட்டைப் பையில் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது இரண்டு. செயலியில் ஒரு நாளைக்கு அனுப்பும் வரம்பைக் குறைத்து வைப்பது. பெரிய தொகை உள்ள கணக்கை, யாராவது ஒருவர் என்றில்லாமல், இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்காக மாற்றுவது.

பணம் போய்விட்டதா? அழுவதற்கு முன்னால் 1930. எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்ற நாலும் கையில் இருக்கட்டும். பணம் ஒரு கணக்கில் தங்காது, நாலாகப் பிரிந்து அடுத்தடுத்த கணக்குக்கு ஓடும். எங்கே இன்னும் கிடக்கிறதோ அதைத்தான் முடக்க முடியும், எனவே நிமிஷக் கணக்கு. வாட்ஸ்அப் உரையாடலை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஏமாந்தவரை வீட்டில் யாரும் ‘இவ்வளவு படிச்சும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். படித்தவர்களும்தான் சாம்பல் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்...

தலைவர் மணி அடித்துவிட்டார். நாலாவதும் ஐந்தாவதும் நிற்கின்றன, இன்னொரு கூட்டம் போட்டால் வருகிறேன். முகப்பில் மேசை போட்டுச் சீட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வாங்கிப் பைக்குள் போட வேண்டாம் ஆச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் எண் கேட்டு, இங்கேயே எழுதிவிட்டுப் பந்திக்குப் போங்கள்.