கடை கொம்பியூட்டர்களுக்குக் குரோமா, பயர்பொக்ஸா? முடிவெடுத்துவிட்டேன்

வணக்கம் உறவுகளே, அஸ்ஸலாமு அலைக்கும். களுவாஞ்சிக்குடியிலிருந்து உங்கள் அக்கா. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் கதைக்கிறேன், மெயின் ரோட்டு பஸ் சத்தம் இடையில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். லெமினேட்டிங் மெஷின் வீடியோவின் இரண்டாம் பகுதி எங்கே என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அது வரும். இன்றைக்கு எனக்குக் கோபமான ஒரு விஷயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடையில் எல்லா கொம்பியூட்டரிலும் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டு வைத்திருப்பேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். "கொமினிகேசன் (போட்டோகொப்பி, பிரிண்ட், இன்டர்நெட் கடை) நடத்துகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்" என்று முன்பே வீடியோ போட்டிருக்கிறேன். கூகுளின் குரோம் பிரவுசரில் இனி அது வேலை செய்யாது. 2024 ஒக்டோபரில் இருந்து படிப்படியாக நிறுத்தத் தொடங்கி, 2025 நடுப்பகுதியோடு முழுதாக முடித்துவிட்டார்கள். என் மற்ற மெஷின்களில் எப்போதோ போய்விட்டது. மூலையில் இருக்கும் ஒன்றில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கிழமை அதையும் புதுப்பித்தேன், அதிலும் போய்விட்டது.

விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு லப்டொப் என்றால் சரி. என் கடைக்கு வருகிறவர்கள் யார்? ஏ.எல் பெறுபேறு பார்க்க வரும் பிள்ளைகள், பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஏதோ படிவம் அனுப்ப வரும் அம்மாமார். நான் அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்கத் திரும்பியிருக்கும் நேரம், பச்சை நிறத்தில் பெரிதாக மின்னுகிற டவுன்லோட் பட்டனை ஒரு தம்பி அமத்திவிடுவார். அது டவுன்லோட் பட்டனே இல்லை, விளம்பரம். உண்மையான பட்டன் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். மறுகா அந்த மெஷினைத் துப்புரவாக்க எனக்கு ஒரு பின்னேரம் போய்விடும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ.யே, தேடல் முடிவுகளில் வரும் மோசடி விளம்பரங்களிலிருந்து தப்ப விளம்பரத் தடுப்பான் பாவியுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவித்தல் விட்டது. எனக்கு இது பாதுகாப்பு விஷயம்.

ஏன் நிறுத்தினார்கள் என்றால், எக்ஸ்டென்சன்களுக்கான, அதாவது பிரவுசரில் நாங்கள் சேர்க்கும் சின்ன மென்பொருள்களுக்கான விதிமுறையை மாற்றிவிட்டார்கள். மெனிபெஸ்ட் மூன்று என்று சொல்வார்கள். முன்பு தடுப்பான் வாசலில் நிற்கும் காவலாள் மாதிரி, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, நீ போ, நீ நில் என்று சொல்லலாம். இப்போது காவலாள் ஒரு பெயர்ப் பட்டியலைக் குரோமின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் இதுதான் நல்லது என்பது கூகுளின் விளக்கம். உலகத்திலேயே பெரிய விளம்பர நிறுவனம் ஒன்று அப்படிச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யூபிளொக் ஒரிஜினைச் செய்கிறவர் 2014இல் இருந்து இலவசமாகத் தருகிறார், நன்கொடைகூட வேண்டாம் என்கிறார். அந்த மனுசனின் உழைப்புக்கா இந்த மரியாதை?

யூபிளொக் ஒரிஜின் லைட் என்று ஒரு சின்னப் பதிப்பு குரோமுக்கு இருக்கிறது, அதைப் போடலாமே என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. போட்டுப் பார்த்தேன். கெட்டது இல்லை, செய்தி மட்டும் வாசிக்கிறவர்களுக்கு அது போதும். பழையதில் இருந்த முழு வலிமை அதில் இல்லை. எனக்குப் போதாது.

சரி, அப்படியென்றால் வேறு எது? எட்ஜ் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். எட்ஜ் 2020 ஜனவரியில் இருந்து குரோமின் அடித்தளமான குரோமியத்தில்தான் ஓடுகிறது. ஒபேரா, விவால்டி, பிரேவ் எல்லாம் அதே வீடுதான், வாசல் வர்ணம் மட்டும் வேறு. பிரேவில் தடுப்பான் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன், வேகமும் நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை உருவாக்கிய பிரென்டன் ஐக் தொடங்கிய பிரவுசர் அது. ஆனால் 2020இல் சில கிரிப்டோ நாணயத் தளங்களின் முகவரியைத் தட்டும்போது தங்களுக்குத் தரகுக் காசு வரும் குறியீட்டைச் சேர்த்துவிட்டார்கள், பிடிபட்ட பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். நான் தட்டுகிற முகவரியில் இன்னொருவர் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. அதோடு திறந்தவுடன் கிரிப்டோ வொலட் தெரிகிறது. என் கடையில் அது வேண்டாம்.

மற்றது இந்த ஏ.ஐ. பிரவுசர்கள். கொமெட், அட்லஸ். அட்லஸ் 2025 ஒக்டோபரில் மெக் கொம்பியூட்டருக்கு மட்டும்தான் முதலில் வந்தது, என்னிடம் மெக் இல்லை, இருந்தாலும் போட மாட்டேன். நீங்கள் பார்க்கிற பக்கத்தை அது வாசித்து உங்களுக்காக வேலை செய்யும். அந்தப் பக்கத்திலேயே யாராவது ஒரு கட்டளையை மறைத்து எழுதியிருந்தால், அதையும் உங்கள் கட்டளை என்று நினைத்துச் செய்துவிடக்கூடும். கொமெட்டில் இப்படி நடக்க முடியும் என்று 2025 ஓகஸ்டில் பிரேவ் ஆட்களே எழுதிக் காட்டினார்கள். ஊர்ச்சனத்தின் அடையாள அட்டை இலக்கமும் வங்கி விபரமும் போகிற மெஷினில் அதை நான் வைப்பேனா?

ஆக மிச்சம் பயர்பொக்ஸ். பக்கங்களைக் காட்ட கெக்கோ என்ற சொந்த இயந்திரம், குரோமியம் இல்லை. யூபிளொக் ஒரிஜின் முழுதாக ஓடுகிறது. முதலில் ஒரு மெஷினில் மட்டும் போட்டுப் பார்த்தேன்.

இப்போது அந்தப் பிரிண்ட் கதை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கடை வைத்திருக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். மண்டூரில் இருந்து ஒரு அம்மா வந்தா. குருமண்வெளியில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவை) ஏறி, ஆற்றைக் கடந்து, மறுகா பஸ் பிடித்து வந்திருக்கிறா. ஒன்லைன் படிவம் ஒன்றை நிரப்பி பிரிண்ட் எடுக்க வேண்டும், கிராம சேவகர் கையொப்பம் வைக்க வேண்டும். குரோமில் அது எப்போதும் ஒரே பக்கத்தில் வரும். பயர்பொக்ஸில் பிரிண்ட் கொடுத்தேன், கையொப்ப வரி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய் நிற்கிறது. ஒரு வெள்ளைத் தாள், மேலே ஒரு கோடு, கீழே திகதி. யார் அதில் கையொப்பம் வைப்பார்கள்? அந்த அம்மாவைத் திரும்பவும் பாதை ஏறி வாங்கோ என்று நான் சொல்ல முடியுமா?

பிரிண்ட் ஜன்னலில் ஸ்கேல் என்ற இடத்தில் பக்க அகலத்துக்குப் பொருத்து என்று இருந்ததை எடுத்துவிட்டு, 92 என்று இலக்கம் போட்டேன். அப்போதும் ஒரு வரி வெளியே நின்றது. பிறகு கீழே மோர் செட்டிங்ஸ் என்று இருக்கிறது, அதைத் திறந்து ஓர இடைவெளியை மினிமம் ஆக்கினேன். ஆ, இதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் ஹெடர், பூட்டர் என்று ஒரு கட்டம் டிக் போட்டு இருக்கும், அந்த டிக்கை எடுங்கள். அதுதான் மேலே தளத்தின் பெயரையும் கீழே திகதியையும் அச்சடிக்கிறது. அதை எடுத்துவிட்டால் 95இலேயே ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும், எழுத்தும் பெரிதாக இருக்கும். பின்னணி நிறத்தையும் அச்சிடு என்ற கட்டத்துக்கு டிக் போடுங்கள், இல்லாவிட்டால் சில படிவங்களில் சாம்பல் நிறத் தலைப்புப் பட்டி வராது. நான் ஒரு பக்கத்துக்கு 20 ரூபா எடுக்கிறேன், பிழைத்த தாளுக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. அன்றைக்குப் போன தாள் என் தாள். ஆனால் இப்போது அந்த பிரிண்டருக்கு அந்த அளவு நினைவில் இருக்கிறது, அடுத்த படிவம் ஒரே தட்டில் வந்தது. எனக்கு வந்த சந்தோசம்! அந்த அம்மா கையொப்ப வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு மகள், இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனா.

ஆனால் என்னை உண்மையில் வென்றது வேறு ஒன்று. கன்டெய்னர்ஸ் என்று ஒரு எக்ஸ்டென்சன், பயர்பொக்ஸைச் செய்கிற மொசில்லாவே செய்தது. ஒரே ஜன்னலில் ஒரே தளத்துக்குள் மூன்று பேரின் கணக்கில் ஒரே நேரத்தில் நுழையலாம். ஒவ்வொரு டேபுக்கும் மேலே ஒரு நிறக் கோடு வரும். நீலம் இந்தத் தம்பியுடையது, செம்மஞ்சள் அந்தத் தங்கச்சியுடையது. பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே, ஓந்தாச்சிமடம் பிள்ளைகளும் பாண்டிருப்புப் பிள்ளைகளும் வாசல் வரை நிற்பார்கள். ஒருவரின் கணக்கை மூடி, மற்றவரின் கணக்கைத் திறந்து, பிறகு ஓ.டி.பி.க்காகக் காத்திருந்து என்று இனி அலைய வேண்டியதில்லை. கவனம், கன்டெய்னர் குக்கீயையும் (தளம் உங்களை நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) தளம் சேமிக்கும் தரவையும்தான் பிரிக்கும். பார்த்த பக்கங்களின் வரலாறும் சேமித்த பாஸ்வேர்டும் பொதுவாகத்தான் இருக்கும். அதனால் கடை மெஷின்களில் பாஸ்வேர்ட் சேமிக்கவா என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன், மூடும்போது குக்கீ எல்லாம் அழியவும் வைத்துவிட்டேன்.

பிடிக்காததும் உண்டு. தனிப்பட்ட ஜன்னல் திறக்க குரோமில் கன்ட்ரோல் ஷிப்ட் என். பயர்பொக்ஸில் அதே மூன்றையும் அமத்தினால், கொஞ்சம் முன்பு மூடிய ஜன்னல் திரும்பத் திறக்கிறது! ஒரு கடையில் இதைவிட ஆபத்தான சோர்ட்கட் இருக்க முடியுமா? முதல் ஆளுக்காகத் திறந்த பக்கம் அடுத்த ஆளின் முன்னால் வந்து நிற்கும். தனிப்பட்ட ஜன்னலுக்கு இங்கே கன்ட்ரோல் ஷிப்ட் பி. மொனிட்டர் ஒவ்வொன்றிலும் சின்னத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சிங்களப் பக்கங்களுக்குக் குரோமை வைத்திருக்கத்தான் போகிறேன். அறிவித்தல் முதலில் சிங்களத்தில் மட்டும் வரும், தமிழ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இது எங்கள் எல்லோருக்கும் உள்ள கவலை. குரோமில் வலது கிளிக் செய்து பக்கம் முழுவதையும் தமிழாக்கிவிடலாம், சொற்கள் அங்கே இங்கே பிழைத்தாலும் கடைசித் திகதி எது என்று விளங்கும். பயர்பொக்ஸும் மொழிபெயர்க்கிறது, அதுவும் வெளியே எதையும் அனுப்பாமல் கொம்பியூட்டருக்குள்ளேயே, அது மிக நல்ல விஷயம். ஆனால் கூகுள் அளவுக்கு மொழிகள் இல்லை. ஒரு வங்கியின் தளம்கூட பயர்பொக்ஸில் திறந்தால் வேறு பிரவுசரில் வா என்கிறது. பெயர் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒரே பிரவுசருக்கு மட்டும் தளம் செய்வது பெரிய பிழை.

சேமித்த பாஸ்வேர்டுகளைக் குரோமில் இருந்து பயர்பொக்ஸுக்குக் கொண்டுபோவது பற்றி, மறக்க முதல் சொல்லிவிடுகிறேன். சொந்த மெஷினில் மாறுகிறவர்கள் குரோமில் இருந்து சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி பயர்பொக்ஸில் ஏற்றலாம். அந்தக் கோப்பில் உங்கள் பாஸ்வேர்ட் எல்லாம் பூட்டில்லாமல் வெறும் எழுத்தில் இருக்கும். ஏற்றி முடித்த அதே நிமிடம் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். மறுகா பயர்பொக்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க பிரைமரி பாஸ்வேர்ட் ஒன்று வையுங்கள்.

2025 பெப்ரவரியில் மொசில்லா பாவனை விதிகளை மாற்றியதையும் ஒருவர் ஞாபகப்படுத்தியிருந்தார். நானும் வாசித்தேன். உங்கள் தரவை விற்கவே மாட்டோம் என்ற வாக்குறுதியை எடுத்துவிட்டார்கள், சனம் கொந்தளித்ததும் சில நாட்களில் வசனத்தைத் திருத்தினார்கள். எனக்கும் அது கசப்புத்தான். அவர்களின் வருமானத்தில் பெரும் பங்கு கூகுளிடமிருந்து வருகிறது என்பதும் தெரியும். அப்படியிருந்தும் குரோமியம் இல்லாத பெரிய பிரவுசர் என்று விண்டோஸில் இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் போய்விட்டால் எக்ஸ்டென்சன் விதியை ஒரே நிறுவனம் எழுதும், நாங்கள் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

போனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அன்ட்ரொய்ட் போனில் குரோமுக்கு எக்ஸ்டென்சனே கிடையாது, பயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் போடலாம். டேட்டா பெக்கேஜில் ஓடுகிறவர்கள் இதற்காகவே மாறலாம், விளம்பர வீடியோவுக்கு எங்கள் காசு ஏன் போக வேண்டும்? ஐபோன்காரருக்கு இது சரிவராது. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் போன்ற சில இடங்களுக்கு வெளியே அங்கே எல்லா பிரவுசரும் அப்பிளின் வெப்கிட் இயந்திரத்தில்தான் ஓட வேண்டும்.

ஆக, கடையில் எல்லா மெஷினிலும் இனி பயர்பொக்ஸ்தான் முதலில் திறக்கும், குரோம் சிங்களப் பக்கத்துக்கும் அந்த ஒரு வங்கிக்கும் மட்டும். உங்களில் கொமினிகேசன் வைத்திருக்கிறவர்கள், பயர்பொக்ஸில் திறக்காத அரசாங்கப் படிவம் ஏதாவது கண்டால் எந்தப் படிவம் என்று கீழே எழுதுங்கள், நான் இங்கே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். பிரிண்டர் மொடலையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் ஸ்கேல் இலக்கம் சொல்ல முடியாது. சரி, வருகிறேன்.