இங்கிலாந்தின் குழாய்க் கசிவும் நீருக்கு வைத்த விலையும்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுத்திகரித்துக் குழாயில் விடப்படும் குடிநீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 300 கோடி லிட்டர், வீட்டுக்குள் வந்து சேராமலே மண்ணுக்குள் போய்விடுகிறது. அங்கே ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவிடும் நீர் சராசரியாக 140 லிட்டர் அளவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் போதுமான நீர் இது. ஆற்றிலிருந்து எடுத்து, வடிகட்டி, குளோரின் கலந்து, மின்சாரம் செலவழித்து மேலேற்றிய நீர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். கசிவைக் கண்டறியும் முறைகள் பலவற்றை வளர்த்தெடுத்த நாடு அது. தெரியாமையால் வந்த இழப்பு என்று சொல்ல வழியில்லை. குழாய்கள் பழையவை என்பது உண்மைதான். ஆனால் நீருக்கு எவ்வளவு குறைந்த விலை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதுதான் இவ்வளவு கசிவு தொடர்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் என்பது என் முடிவு.

முதலில் குழாயைப் பார்ப்போம். லண்டன் தெருக்களின் அடியில் விக்டோரியா அரசியார் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் நீர் சுமந்துகொண்டிருக்கின்றன. அந்நகரின் களிமண் இரும்பை அரிக்கக்கூடியது. கோடையில் காய்ந்து சுருங்கி, மழைக்காலத்தில் ஊறிப் பருத்து, வளைந்துகொடுக்கத் தெரியாத வார்ப்பிரும்பை ஆண்டுதோறும் அசைக்கிறது. உறைபனி வந்து திடீரென்று இளகினால் நிலைமை இன்னும் மோசம். 2018 மார்ச் மாதத்தில் அப்படித்தான் நடந்தது: பனி உருகிய சில நாட்களில் குழாய்கள் பரவலாக வெடித்து, இலட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் தண்ணீரின்றித் தவித்தார்கள்.

செய்தியாவது இத்தகைய வெடிப்புதான். ஆனால் நீரை அதிகம் தின்பது, ஒருவர் கண்ணிலும் படாத சிறு கசிவு. ஒரு பெரிய குழாய் உடைந்து மணிக்கு 50,000 லிட்டர் வீதம் தெருவில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் உடனே தொலைபேசியை எடுப்பார்கள்; ஒரு நாளில் அடைத்துவிட்டால் இழப்பு 12 இலட்சம் லிட்டர். வேறொரு தெருவில், வீட்டு இணைப்பு ஒன்றின் மூட்டிலிருந்து மணிக்கு 500 லிட்டர் மட்டும் கசிந்து, மேலே ஈரம்கூடக் காட்டாமல் 300 நாட்கள் கிடந்தால், போவது 36 இலட்சம் லிட்டர். ஓட்டையின் அளவைவிட அது எத்தனை நாள் திறந்துகிடக்கிறது என்பதே இழப்பை முடிவு செய்கிறது. அதோடு அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரவில் பயன்பாடு குறையும்போது குழாயில் அழுத்தம் ஏறும், ஊர் தூங்கும் நேரத்தில் கசிவு கூடும்.

இதையே துப்பாகப் பயன்படுத்தும் முறை அங்கு 1980களில் வளர்ந்தது. ஊரின் குழாய் வலையைச் சில நூறு முதல் சில ஆயிரம் வீடுகள் கொண்ட பகுதிகளாக வால்வுகளால் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் மீட்டர் பொருத்துகிறார்கள். அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே அந்த மீட்டர் காட்டும் நீரோட்டத்தில், விழித்திருப்போரின் நியாயமான பயன்பாட்டைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கசிவு. மிச்சம் கூடியிருக்கும் பகுதிக்குக் கசிவு தேடுபவர் செல்கிறார். தெரு மூடியைத் திறந்து, நீண்ட கோலின் ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்து அசையாமல் நிற்கிறார். இரும்புக் குழாயில் கசிவின் சீறல் தெளிவாகக் கேட்கும். பிளாஸ்டிக் குழாய் ஒலியை விழுங்கிவிடும். உணர்கருவிகள் பல வந்த பிறகும் இந்தக் கோலும் பழகிய செவியும் வேலையில்தான் இருக்கின்றன.

வழி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நின்றுபோனார்கள்? 1989இல் குடிநீர் நிறுவனங்கள் தனியார்மயமாயின. 1995 வறட்சியில் யார்க்‌ஷயர் பகுதிக்கு நூற்றுக்கணக்கான டேங்கர் லாரிகள் இரவு பகலாக நீர் சுமந்தபோது, அதே பகுதியின் குழாய்கள் ஒழுகிக்கொண்டிருந்தன என்பது நாட்டையே கோபம்கொள்ள வைத்தது. 1997 முதல் நிறுவனங்களுக்குக் கட்டாயக் கசிவு இலக்குகள் வந்தன. அதற்குச் சற்று முன் நாளொன்றுக்கு 500 கோடி லிட்டரைத் தொட்ட கசிவு, சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரிய முன்னேற்றம் இல்லை.

காரணம், 'பொருளாதாரக் கசிவு அளவு' என்ற கோட்பாடு. ஒரு லிட்டர் கசிவைத் தடுக்க ஆகும் செலவு, இன்னொரு லிட்டரைத் தயாரிக்க ஆகும் செலவை மிஞ்சும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றில் நீர் கிடைக்கும் ஆண்டில் இன்னொரு லிட்டருக்கு ஆகும் செலவு என்ன? கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் இரசாயனம். அதோடு ஒப்பிட்டால் தெருவைத் தோண்டுவது எப்போதும் நட்டமாகவே தெரியும். இங்கிலாந்தின் தென்பகுதியில் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் ஓடைகள் உலகில் மிக அரிதானவை. அத்தகைய ஓடைகளில் பெரும்பகுதி அந்த ஒரு நாட்டில்தான் உள்ளது. டெஸ்ட், இட்சென் போன்ற ஆறுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. நிலத்தடியிலிருந்து அளவுக்கு மீறி எடுத்ததால் இத்தகைய ஓடைகள் பல மெலிந்தன, சிலவற்றின் தலைப்பகுதி வறண்டது. அந்த இழப்புக்கு மேற்படி கணக்கில் நெடுங்காலம் போதிய இடம் இல்லை. சுற்றுச்சூழல் செலவையும் சேர்க்க வேண்டும் என்று பின்னர் விதித்தபோதும், மீனுக்கும் நீர்ச்செடிக்கும் போட்ட தொகை மிகச் சிறியதாகவே இருந்தது.

கணக்கு மாறினால் கசிவும் மாறும் என்பதற்கு அண்மைய ஆண்டுகளே சான்று. 2017-18 அளவிலிருந்து 2050க்குள் கசிவைப் பாதியாக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பழைய கணக்கை விட்டு, இலக்கை முதலில் வைத்ததால்தான் இந்த ஒப்புதல் வந்தது. முப்பது ஆண்டுக் கெடு மிக நீளம் என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் திசை சரி.

இன்னும் தீராத ஒன்று உண்டு. கசிவில் ஏறத்தாழ கால் பங்கு, வீட்டு எல்லைக்கு உட்பட்ட நிலத்தடிக் குழாயில் நிகழ்கிறது. சட்டப்படி அது வீட்டுக்காரரின் பொறுப்பு. மீட்டர் இல்லாத வீடுகளில் அவருக்கே அது தெரிய வழியில்லை. தெரிந்தாலும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் தோட்டத்தைத் தோண்டிக் குழாய் மாற்றப் பணத்துக்கு எங்கே போவார்? இந்தத் துண்டுக் குழாயை நிறுவனங்களே ஏற்றுப் பராமரிக்க வேண்டும், செலவை எல்லோருடைய கட்டணத்திலும் பகிர வேண்டும், ஒவ்வொரு பகுதியின் இரவு நீரோட்டக் கணக்கையும் மாதந்தோறும் அப்பகுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பகுதி வாயில்களில் மீட்டர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எண்களும் ஒவ்வோர் இரவும் பதிவாகின்றன.