நடந்தால் மட்டும் போதுமா?

வணக்கம். காலையில் எழுந்ததும் குதிகால் தரையில் பதிய மறுக்கிறது. விரலை மடக்கினால் இறுக்கம். நாலு எட்டு நடந்த பிறகுதான் உடம்பு நம் பேச்சைக் கேட்கிறது. 45 வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு இது பழக்கமான தொல்லை. டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. "வயசாச்சு இல்லையா" என்று அனுப்பிவிடுவார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில், அதாவது மெனோபாஸில், ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது கருப்பைக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை. தசை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், எலும்பு, மூட்டு எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு. இந்த வலிகளை ஒன்றாகச் சேர்த்து மருத்துவ இதழ் ஒன்றில் தனிப் பெயர் முன்மொழிந்ததே 2024இல்தான் என்றால் பாருங்கள்!

"தினமும் நடக்கிறேனே, போதாதா?" தசையை வலுவாக்க வேண்டும் என்றதும், என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நடங்கள், விட வேண்டாம், இதயத்துக்கு நல்லது. ஆனால் தசைக்கு அது பழகிய வேலை. பழகிய வேலைக்காக உடம்பு புதிதாகத் தசையை வளர்க்காது. சுமையைக் கூட்ட வேண்டும்.

இந்த வயதில் சுமையா என்று தயங்குகிறவர்களிடம் நான் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1990இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லம். சேர்ந்தவர்கள் 10 பேர். எல்லோரும் 86 முதல் 96 வயது வரை. ஆமாம், 96! காலுக்கு எடைப் பயிற்சி, 8 வாரம். பூப்போன்ற பயிற்சி இல்லை, நிஜமாகவே கனமான எடை. முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் 50 வயது என்பது என்ன வயது, சொல்லுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுங்கள். மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது. 8 தடவை செய்து, மூச்சு வாங்கி, இன்னொரு சுற்று. வாரம் 2 நாள், இடையில் ஓய்வு. 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் கையில் எடை பிடியுங்கள். கடைசி 2 தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். கலர் கலராக விற்கும் அரைக் கிலோ டம்பெல்லை வருடக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுமையைக் கூட்ட வேண்டும், திரும்பவும் சொல்கிறேன்.

மறுநாள் தசை வலித்தால் பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் போய்விடும். மூட்டே கூடுதலாக வலித்தால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. தோள்பட்டை பிடித்துக்கொள்வதைப் பற்றித் தனியாகப் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. வேகமாக இரண்டு விஷயம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் புரதம் இருக்கட்டும். எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் கனமான எடையைப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூக்குங்கள். அப்புறம், மூட்டு வீங்கினாலோ, காலையில் வரும் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மெனோபாஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாகவும் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.