கண் பட்ட காயம்

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம். விளக்கை அணைக்கச் சொன்னது நான்தான். திரையில் முதலில் வரப்போவது கறுப்புப் பக்கம். வெளிச்சம் இருந்தால் ஒன்றும் தெரியாது.

இது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ஒரு ஜெபப்புத்தகம். எகர்டன் 1821 என்பது அதன் எண். 1480களில் இங்கிலாந்தில் செய்தது என்கிறார்கள். கையடக்கமான புத்தகம். திறந்தவுடன் எழுத்து இல்லை. மாதாவோ சம்மனசோ (தேவதூதரோ) இல்லை. தோல்தாள் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன்மேல் பெரிய பெரிய ரத்தத் துளிகள் வழியவிட்டிருக்கிறார்கள். சில ஏடுகள் தள்ளினால் பக்கமே சிவப்பாகிறது. சிவப்பின்மேல் இன்னும் அடர்ந்த சிவப்பில் இயேசுவின் காயங்கள், எண்ணி முடியாத அளவுக்கு. யாருடைய உடம்பு என்று காட்ட முகம் இல்லை, கை கால் இல்லை. ஏடுதான் உடம்பு. தோல்தாள் என்பதும் ஒரு காலத்தில் ஆட்டின் மேலோ கன்றின் மேலோ இருந்த தோல்தானே.

இப்போது இந்தப் பக்கத்தில் வண்ணம் மங்கிய இடங்களைப் பாருங்கள். பூச்சி அரித்ததில்லை, மழை ஒழுகியதுமில்லை. உதடும் விரலும் பட்டுப் பட்டுத் தேய்ந்தது.

எனக்கு இது சின்ன வயதிலேயே பழக்கமான காட்சி. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்போம். ஒவ்வொருவர் முத்தமிட்டதும் பீடப் பையன் வெள்ளைத் துணியால் சுரூபத்தின் பாதத்தைத் துடைப்பான். மற்ற நாட்களில் வீட்டில், பாட்டியின் ஜெபமாலையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்துக்கு, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் சின்ன உருவத்துக்கு, முகமே இருக்காது. அவள் உதட்டோடு போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இன்று நான் பேச வந்தது இந்தத் தேய்மானத்தைப் பற்றி. கலை வரலாறு படிப்பவர்கள் வழக்கமாக இதைச் ‘சேதம்’ என்று குறித்துக்கொண்டு நல்ல பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் போனேன்.

முதலில் பார்வை. நாம் ‘கண்ணில் பட்டது’ என்கிறோம். ‘கண் பட்டுவிட்டது’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் பொருள் வந்து கண்ணைத் தொடுகிறது. இரண்டாவதில் கண் போய்ப் பிள்ளையைத் தொடுகிறது. உடனே மிளகாய் சுற்றிப் போட வேண்டியதாகிறது. இடைக்கால ஐரோப்பாவில் பார்வையைப் பற்றி நடந்த வாதம் ஏறக்குறைய இந்த இரண்டு ‘பட்ட’துக்கும் இடையில்தான். பிளேட்டோவும் யூக்ளிடும் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற கட்சி. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் எழுதிய இப்னு அல்-ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று பெரிய நூலே எழுதினார். அது 1200 வாக்கில் லத்தீனுக்குப் போனது. ரோஜர் பேக்கன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1267இல் போப்பாண்டவருக்கு எழுதி அனுப்பிய நூலில் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். பொருள் தன் சாயலைச் சுற்றிலும் பரப்புகிறது, அது காற்றில் பெருகிக்கொண்டே வந்து கண்ணில் பதிகிறது, கண்ணும் தன் பங்குக்கு ஒன்றை அனுப்புகிறது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பதிவைக் கண் ஒரு வகை வலியாகவே உணர்கிறது என்கிறார் அவர்.

இந்தக் கணிதமெல்லாம் சந்தையில் மீன் விற்றவளுக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரிந்திருக்க வேண்டியதில்லை. பூசைக்குப் போனாலே போதும்.

1200ஐ ஒட்டிப் பாரிஸ் ஆயர் ஒரு விதி செய்தார். பூசையில் வசீகர வார்த்தைகளை, அதாவது அப்பத்தை ஆண்டவரின் உடலாக்கும் வார்த்தைகளை, சொல்லி முடித்ததும் குரு அப்பத்தை எல்லோரும் காணும்படி தலைக்கு மேல் தூக்க வேண்டும். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, அப்பமும் திராட்சை ரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று உறுதியாகச் சொன்னது; ஆண்டுக்கு ஒரு முறையாவது நற்கருணை, அதாவது அந்த அப்பம், வாங்குங்கள் என்றும் கட்டளையிட்டது. ஒரு முறை ‘யாவது’! சாதாரண ஜனங்கள் அவ்வளவு அபூர்வமாகத்தான் வாங்கினார்கள். மற்ற நாளெல்லாம் கண்ணாலேயே உண்டார்கள். மணி அடித்ததும் வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடி வருவார்கள். தூக்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடுவார்கள். அப்பத்தைப் பார்த்த நாளில் பார்வை போகாது, திடீர்ச் சாவு வராது என்று நம்பினார்கள். குரு சரியாகத் தூக்கவில்லை என்றால் ‘இன்னும் மேலே’ என்று சத்தம் போட்டவர்களைப் பற்றிப் பிற்காலச் சீர்திருத்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் தீபாராதனை நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த அவசரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, கண்ணால் தொடலாம். கையால் தொடலாமா? யோவான் சுவிசேஷம் 20ஆம் அதிகாரமே இதில் இரண்டு பதில் சொல்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் மகதலா மரியாளிடம் ‘என்னைத் தொடாதே’ என்கிறார். எட்டு நாள் கழித்து, தோமையாரிடம் விரலைக் கொண்டுவா, கையை என் விலாவில் போடு என்கிறார். தோமையார் போட்டாரா? சுவிசேஷத்தில் அது இல்லை. ‘என் ஆண்டவரே, என் கடவுளே’ என்று சொன்னார், அவ்வளவுதான். ஆனால் சிற்பிகளுக்கு அது போதவில்லை. ஸ்பெயினில் சிலோஸ் மடத்து முற்றத்தில் 1100ஐ ஒட்டிச் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது. சீடர்கள் வரிசை வரிசையாக நிற்க, ஆண்டவர் வலக்கையை உயரத் தூக்கி விலாவைக் காட்ட, தோமையாரின் விரல் நேராக அங்கே போகிறது. பிறகு அந்த விரலே அருளிக்கமாகி, அதாவது வணக்கத்துக்குரிய புனித எச்சமாகி, ரோமில் திருச்சிலுவைக் கோயிலில் வந்து சேர்ந்தது.

சென்னைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமையார் இறந்த இடத்துச் சிவந்த மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப் போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். தொட்டவரின் மண்ணைக் குடிப்பது. மயிலாப்பூரும் ரோமும் அந்த விஷயத்தில் ஒரே மொழி பேசியிருக்கின்றன.

தொடுகையை முழுசாக எடுத்துக்கொண்டவர்கள் மடத்துக் கன்னியர்கள். அடுத்த படம். சுவிட்சர்லாந்தில், ரைன் கரையில் இருந்த புனித கத்தரீனாள் பள்ளத்தாக்கு மடத்துக்காகக் கான்ஸ்டன்ஸ் நகரத்து ஹைன்ரிக் என்ற ஆசாரி அக்ரூட் (வால்நட்) மரத்தில் செய்தது, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். இப்போது ஆன்ட்வெர்ப்பில் இருக்கிறது. சீடர் யோவான் ஆண்டவரின் மார்பில் தலை சாய்த்துத் தூங்குகிறார். ஆண்டவரின் இடக்கை அவர் தோளில். வலக்கைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. பிடிக்கவில்லை, அழுத்தவில்லை, சும்மா இருக்கின்றன. செய்த ஆசாரியே தன் வேலையைப் பார்த்து மலைத்துப்போனார் என்று மடத்து ஏடு சொல்கிறது. இதன் முன்னால் நின்று ஜெபித்த ஒரு சகோதரியின் உடம்பு பளிங்குபோல் தெளிந்ததை இன்னொரு சகோதரி கண்டாளாம். அதே மடத்தைச் சேர்ந்த இன்னொரு மரச் சிற்பம் நியூயார்க்கில் இருக்கிறது. மாதாவும் அவர் உறவினர் எலிசபெத்தம்மாளும் சந்திக்கிறார்கள், இருவரும் கர்ப்பிணிகள். இருவரின் உடம்பிலும் முட்டை வடிவில் பளிங்குக் கல், அதாவது தெளிந்த படிகம், பதித்திருக்கிறது. உள்ளே பிள்ளை இருக்கும் இடம். அந்தச் சகோதரிக்குப் பளிங்கு உடம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா.

பவேரியாவில் மரியா மெடிங்கன் மடத்தில் மார்கரெத்தா எப்னர் என்று ஒரு சகோதரி. 1291இல் பிறந்தவர், நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவர். சிலுவையைப் படுக்கைக்கு எடுத்துப் போய் நெஞ்சில் அழுத்திக்கொண்டுதான் தூங்குவார். 1344 டிசம்பர் 26 அன்று வியன்னாவிலிருந்து அவருக்கு ஒரு தொட்டிலும் அதில் குழந்தை இயேசுவின் சுரூபமும் வந்தன. நான்கு பொன் சம்மனசுகள் சூழ்ந்த தொட்டில். குழந்தை தன்னிடம் பால் கேட்டதாகவும், தூக்கித் திறந்த மார்போடு அணைத்ததாகவும், வாயின் ஸ்பரிசத்தை உண்மையாக உணர்ந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் அவையில் எப்போதும் ஒரு சிரிப்பு வரும். இன்றும் வந்தது, பரவாயில்லை. ‘நோய்’ என்று ஒரு சொல்லால் மூடிவிடுவது சுலபம். ஆனால் கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிற ஜனங்கள் நாம். நமக்கு அந்தச் சுலபம் வேண்டாம். அந்தச் சுரூபத்தைச் செய்தவன் எடுக்கவும் படுக்கவைக்கவும் அணைக்கவும் தோதாகத்தான் செய்தான். மார்கரெத்தா அதைத் தப்பாகப் பயன்படுத்தவில்லை.

இப்போது காயம். பிரான்சின் இளவரசர் ஜானின் மனைவி, லக்சம்பர்க்கைச் சேர்ந்த போன் (Bonne) என்பவர், 1349இல் இறந்தார். கணவர் அரசரானது அடுத்த ஆண்டு. அந்த அம்மாளின் திருப்பாடல் புத்தகம் நியூயார்க் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் படிக்கிற அளவு. அதன் கடைசிப் பகுதியில் ஒரு படத்தில், சிலுவையில் இருக்கும் ஆண்டவர் தன் விலாக் காயத்தை விரலால் சுட்டிக்காட்டுகிறார். கீழே கணவனும் மனைவியும் முழந்தாளில். சில ஏடுகள் தள்ளி, காயம் மட்டும் தனியாக வருகிறது. உடம்பை விட்டுப் பிரிந்து, குத்துவாட்டில் நிமிர்ந்து, இரு முனையும் கூராக. ஓரத்தில் இளஞ்சிவப்பு, உள்ளே போகப் போக அடர்ந்து நடுவில் கருஞ்சிவப்பு. சுற்றிலும் ஆணி, சவுக்கு, ஏணி, முள்முடி எல்லாம் சின்னச் சின்னதாக. காயம் மட்டும் மெய்யான காயத்தின் அளவு.

குத்துவாட்டில் வைத்ததும் அது வேறொன்றாகவும் தெரிகிறது. இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓவியர் அறியாமல் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் வந்ததுபோல, ஆண்டவரின் விலாக் காயத்திலிருந்து திருச்சபை பிறந்தது என்பது ஆதித் திருச்சபைப் பிதாக்கள் காலத்துப் போதனை. 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓவியங்களில் அந்தக் காயத்திலிருந்து ஒரு பெண்ணுருவம் வெளியே வருவதை அப்படியே வரைந்திருக்கிறார்கள். காயமும் கருவாயும் அவர்களுக்கு ஒன்றையொன்று மறைக்கவில்லை.

குருமாரும் இதில் சளைத்தவர்கள் அல்ல. பூசைப் புத்தகத்தில் நற்கருணை மன்றாட்டு தொடங்குமிடத்தில் முழுப்பக்கச் சிலுவைப் படம் இருக்கும்; குரு அதை முத்தமிட வேண்டும். நாள்தோறும் முத்தமிட்டால் படம் என்னவாகும்? ஓவியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பக்கத்தின் அடியில் முத்தத்துக்கென்றே தனியாக ஒரு சின்னச் சிலுவை. ‘சாமி, இங்கே வையுங்கள், மேலே வேண்டாம்.’ பல புத்தகங்களில் அந்தச் சின்னச் சிலுவை உருத்தெரியாமல் போயிருக்கிறது. சிலவற்றில் உதடு மெல்ல மேலே ஏறி ஆண்டவரின் பாதம் வரை போயிருக்கிறது. கட்டுப்படுத்த முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர் அச்சகங்களில் மையின் அடர்த்தி பார்க்கும் டென்சிடோமீட்டர் கருவியை எடுத்துக்கொண்டு ஜெபப்புத்தக ஏடுகளின் அழுக்கை அளந்தார். பெருங்கொள்ளை நோயிலிருந்து காக்கும் செபஸ்தியாரிடம் வேண்டுகிற பக்கத்தில் அழுக்கு அப்பிக் கிடந்தது. விடியுமுன் எழுந்து சொல்ல வேண்டிய ஜெபத்தில் முதல் சில பக்கங்கள் மட்டும் அழுக்கு, பிறகு சுத்தம். தூங்கிவிட்டார்கள்!

கடைசியாக ஒரு பொருள். பிரசவக் கச்சை. நீளமான தோல்தாள் சுருளில் சிலுவையும் ஆணிகளும் விலாக் காயமும் வரைந்து, ஜெபங்கள் எழுதி, பிள்ளை பெறப்போகும் பெண்ணின் வயிற்றில் சுற்றுவார்கள். கோயில்களில் மாதாவின் இடைக்கச்சை என்றே சில இருந்தன. இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி மன்னரின் மனைவி எலிசபெத், 1502 டிசம்பரில், மாதாவின் கச்சையைக் கொண்டுவந்த ஒரு துறவிக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கொடுத்ததாக அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில் குழந்தை பிறந்தது. 11ஆம் தேதி, தன் 37ஆவது பிறந்தநாளன்று, அரசி இறந்துபோனார். பிள்ளையும் தங்கவில்லை.

அப்படி ஒரு சுருள் லண்டனில் வெல்கம் சேகரிப்பு (Wellcome Collection) என்ற நூலக-அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எண் 632. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்தது. மூன்று மீட்டருக்கு மேல் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். படங்கள் பல இடங்களில் தேய்ந்து போயிருக்கின்றன. இது உண்மையிலேயே வயிற்றில் கட்டியதா, இல்லை பெட்டியில் வைத்து ஜெபித்ததுதானா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதாடினார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தோலை வெட்டக் கூடாது, நனைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து ரப்பர் போன்ற ஒன்றால் மேலே மெல்லத் தேய்த்து, உதிர்ந்த தூளைச் சேர்த்து, அதில் ஒட்டிய புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். தேன் கிடைத்தது. ஆட்டுப்பால், தானியம், பயறு வகை கிடைத்தன. பேறுகாலத்தில் கொடுத்த மருந்தும் கஞ்சியும் சிந்தியதாக இருக்கலாம். அவற்றோடு, பிரசவத்தின்போது பெண்ணுடம்பிலிருந்து வெளியேறும் நீரின் புரதங்களும் இருந்தன. ஐந்நூறு ஆண்டாக அந்தத் தோலில் அப்படியே இருந்திருக்கின்றன.

விளக்கைப் போடலாம். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.