ஒண்ணுத்துக்கும் உதவாத மண்ணு

எல்லாருக்கும் வணக்கம். மைக்குக்கு பதிலா ஒரு சக்கரம் குடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா பேசியிருப்பேன், பரவால்ல. நான் சொல்ல வந்தது ஒரே விஷயம் தான். நம்ம பாட்டரி ஸ்டுடியோவுல ஆர்டர் வேலைக்கு நடுவுல கொஞ்சம் மண்ணு, கொஞ்சம் நேரம், சூளையில ஒரு மூலை, இதை எல்லாம் விளையாட்டுக்குன்னு ஒதுக்கி வைங்க. வைக்கலன்னா பத்து வருஷம் கழிச்சும் அதே மக், அதே நீல கிளேஸ் (பாண்டத்து மேல கண்ணாடி மாதிரி உருகி ஒட்டுற பூச்சு), அதே கைப்பிடி தான், நல்லா விக்கும், ஆனா உங்களுக்கே அதைப் பாத்தா கொட்டாவி வரும்.

விளையாட்டுன்னா மண்ண எடுத்து செவுத்துல அடிக்கிறது இல்ல, அதுவும் பண்ணலாம், தப்பில்ல. நான் சொல்றது என்னன்னா, என்ன வரணும்னு முடிவு பண்ணாம, இப்படி பண்ணா என்ன ஆகும்னு மட்டும் கேட்டுட்டு கைய வைக்கிறது.

பால் சோல்ட்னர்னு ஒரு அமெரிக்க பாட்டர். 1960ல கலிபோர்னியாவுல ஒரு கைவினை கண்காட்சியில செஞ்சு காட்டச் சொல்லி கூப்பிட்டாங்க. ஜப்பான்காரங்க ராக்குன்னு ஒரு விதமா பாண்டம் செஞ்சு சுடுறாங்கன்னு புத்தகத்துல படிச்சிருந்தார், அவ்ளோ தான் முதலீடு. அங்கயே சின்னதா ஒரு சூளை கட்டி, பாண்டம் செக்கச்செவேல்னு இருக்கும்போதே இடுக்கியால தூக்கி வெளிய வச்சார். வந்தது அவருக்குப் பிடிக்கல. நம்மள்ல முக்காவாசி பேர் அங்கயே சூளையை அணைச்சுட்டு, கிளேஸ் சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் என்ன பண்ணார், பக்கத்துல பெப்பர் மரத்து இலை உதிர்ந்து கிடந்துச்சு (நம்ம மிளகுக்கொடி இல்ல, அது வேற மரம்), சூடா இருந்த பாண்டத்தை அந்த இலைக்குள்ள போட்டு உருட்டிட்டார். இலை பத்திக்கிச்சு, புகை புடிச்சுது, கிளேஸ் இல்லாத மண்ணுல கரி ஏறி கறுப்பாச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க ராக்கு வொர்க்‌ஷாப்னு மரத்தூள் டப்பாவை வச்சுக்கிட்டு எல்லாரும் பண்றது இதைத் தான். கிளேஸ்ல விழுந்த வெடிப்புக்குள்ள புகை போய் கோடு போடும், மூடி போட்டா ஆக்சிஜன் பத்தாம தாமிரம் கலந்த கிளேஸ் செம்பு மாதிரி மின்னும், அதெல்லாம் அந்த வழியில வந்தது. கியோட்டோவுல 16ஆம் நூற்றாண்டுல சோஜிரோங்கிற பாட்டர் ஆரம்பிச்ச ஒரிஜினல் ராக்குல இந்த மரத்தூள் சமாச்சாரமே கிடையாது. அவர் வழி வந்த குடும்பம் இன்னைக்கும் அவங்க வழியில தான் செய்யுறாங்க.

இதைக் கேட்டுட்டு, ஓ அப்போ எதுவும் தெரியாம இறங்கினா தான் புதுசா வரும்னு நினைச்சுறாதீங்க. அதுக்குத் தான் அடுத்த கதை. 1962 மார்ச்ல, ஒஹையோவுல டொலிடோ மியூசியம் வளாகத்துல ஒரு ஷெட்டுல, ஹார்வி லிட்டில்டன்னு ஒருத்தர் கண்ணாடி ஊதுற வொர்க்‌ஷாப் நடத்துறார். அவரும் நம்ம ஜாதி தான், பாட்டரி வாத்தியார். அவங்க அப்பா கார்னிங் கண்ணாடி கம்பெனியில விஞ்ஞானி. அப்போ நிலைமை என்னன்னா கண்ணாடின்னா ஃபேக்டரி, டிசைனர் பேப்பர்ல வரைஞ்சு குடுப்பார், ஊதுறது வேற ஆளு, தனி ஆளு ஒரு சின்ன உலையை வச்சுக்கிட்டு தானே ஊதி தானே செய்ய முடியுமாங்கிறது தான் கேள்வி. முதல்ல உருக்கினது சரியா வரல. அப்போ டொமினிக் லபினோன்னு ஒருத்தர், ஃபைபர்கிளாஸ் தொழில்ல இருந்த ஆராய்ச்சிக்காரர், உலையை வேற மாதிரி மாத்தச் சொல்லிட்டு, ஃபைபர்கிளாஸுக்குன்னு செய்யுற 475ங்கிற நம்பர் கோலிகுண்டு கண்ணாடியை குடுத்து இதை உருக்குங்கன்னார். உருகிச்சு. ஆனா இப்போ யாருக்கும் சரியா ஊதத் தெரியல. லிபி கண்ணாடி கம்பெனியில ரிட்டயர் ஆன ஹார்வி லீஃப்கிரீன்ங்கிற பெரியவர் வந்து குழாயை எப்படி புடிக்கணும், எப்படி உருட்டணும்னு காட்டினார். இன்னைக்கு ஸ்டுடியோ கிளாஸ்னு சொல்ற இயக்கம் அங்க இருந்து தான் பெருசாச்சு, கண்ணாடி சிற்பத்துல பேர் போன டேல் சிஹூலி எல்லாம் லிட்டில்டன் கிட்ட படிச்சவர் தான். எனக்கு இந்தக் கதையில பிடிச்சது லிட்டில்டன் இல்ல, அந்த லீஃப்கிரீன் தாத்தா. ஒரு ஆயுசு பூரா ஃபேக்டரியில வேலை பாத்த கை, விளையாடுற பசங்க பக்கத்துல வந்து நின்னுச்சு. அந்த மாதிரி ஒருத்தர் உங்க ஸ்டுடியோ பக்கத்துல இருக்காரான்னு பாருங்க, இருந்தா டீ வாங்கிக் குடுங்க.

நம்ம பக்கம் பாண்டிச்சேரியையே எடுத்துக்கோங்க. 1971ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பிச்சாங்க. டேபிள்வேர் பண்ணி விக்கிற இடம் தான், ஆனா மீக்கர் 80கள்ல ஒரு கிறுக்கு வேலையில இறங்கினார், பச்சை செங்கல்லுலயே முழு வீடு கட்டி, உள்ள சுடாத செங்கல்லு, ஓடு எல்லாம் அடுக்கி, வீட்டையே சூளையா வச்சு கொளுத்துறது! ஈரான்ல நாதர் கலிலின்னு ஒரு ஆர்க்கிடெக்ட் அதுக்கு முன்னாடியே இந்த மாதிரி பண்ணியிருந்தார், அந்த யோசனை தான். எல்லாரும் அப்படி வீடு கட்டிக்கிட்டாங்களான்னா இல்ல. ஆனா அவ்ளோ பெரிய மண் உருவத்தை எப்படி கட்டறது எப்படி சுடறதுங்கிற கை பழக்கம் எங்கயும் போகல, பின்னாடி அவர் பண்ணின ஆளுயர சிற்பங்களைப் பாத்தா தெரியும்.

சரி, இதுக்கெல்லாம் காசு யாரு குடுப்பான்னு பின்னாடி யாரோ முணுமுணுக்கிறது கேக்குது. நியாயம் தான். புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் அய்யனார் குதிரை செய்யுற வேளார் கிட்ட போய் விளையாடுங்கன்னு சொன்னா சிரிப்பார். புரவி எடுப்புக்கு (மண் குதிரையை கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற திருவிழா) நாள் குறிச்சாச்சு, குதிரை நிக்கணும், காலு வெடிச்சா அவர் பேரு போச்சு. அவர் விளையாடுறதெல்லாம் குதிரை முகத்துல, சலங்கையில தான், காலுல இல்ல. அதுல ஒரு புத்தி இருக்கு, எங்க விளையாடலாம் எங்க கூடாதுன்னு அவருக்குத் தெரியும்.

அதனால தான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன், சுடறதுக்கு முன்னாடி விளையாடுங்க. சுடாத மண்ணுக்கு நஷ்டமே கிடையாது, செஞ்சது பிடிக்கலன்னா நல்லா காய விட்டு உடைச்சு தண்ணியில போட்டா போதும், கரைஞ்சுரும் (அரைகுறையா காஞ்சதைப் போடாதீங்க, கட்டி கட்டியா கிடந்து உயிரை வாங்கும்). கரைஞ்சதை பிளாஸ்டர் பலகையில ஊத்தி இறுகினதும் பிசைஞ்சுக்கோங்க, மறுபடி புது மண்ணு. ஒரு 600 டிகிரி தாண்டிட்டா தான் ஒட்டியிருந்த தண்ணி மொத்தமா போய் அது திரும்ப மண்ணாகாது, செலவும் அங்க தான் ஆரம்பிக்குது, விறகு, கேஸ், கரண்ட்டு. மரத்துலயோ வெள்ளியிலயோ வேலை பாக்கறவங்களுக்கு இவ்ளோ சல்லிசா திரும்ப ஆரம்பிக்கிற வசதி இல்ல, நமக்கு இருக்கு, இருந்தும் நாம தான் ரொம்ப பயப்படுறோம்.

கிளேஸ் மட்டும் சுட்டா தான் தெரியும், அதுக்கு டெஸ்ட் டைல் போதும், கட்டைவிரல் அளவு. ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணை மாத்துங்க, தாமிரம் ஒரு சதவீதம், ரெண்டு, மூணுன்னு, டைல் முதுகுல நம்பரை ஆக்ஸைடுல (சூட்டுல அழியாத உலோகப் பொடி) எழுதுங்க, பென்சில்ல எழுதினா சூளையில காணாம போயிரும். ஒரே நேரத்துல மூணு விஷயத்தை மாத்தி கலக்கிட்டு அருமையா ஒரு சிவப்பு வந்து, அது எப்படி வந்துச்சுன்னு தெரியாம சுத்துற பாட்டர்கள் இந்த ஊர்லயே நிறைய பேர் இருக்காங்க.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி ஷெட்டுக்கு வாங்க. ஆளுக்கு ரெண்டு கிலோ மண்ணு வச்சிருக்கோம். சக்கரம் கிடையாது, எதையும் சுடப் போறதும் இல்ல, சாயங்காலம் எல்லாத்தையும் திரும்ப மண்ணு டப்பாவுல போட்டுட்டு கையக் கழுவிட்டு தான் கிளம்பணும். போட்டோ வேணா எடுத்துக்கோங்க.